பத்தடி பின்னால் வந்த கார்

மழைக்காலம் முடிந்த ஒரு திங்கட்கிழமையிலிருந்து, டாக்சி ஓட்டுநரின் கார் அவருடைய மகளுக்குப் பத்தடி பின்னால் தானாகவே வர ஆரம்பித்தது. சாவி வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது; இருக்கையில் ஆள் இல்லை. அவள் ரொட்டிக்கடைக்குப் போனால் கார் கடை வாசலில் நின்றது. அவள் திரும்பி நடந்தால், வழிவிட்டு ஒதுங்கி, மறுபடி பின்னால் சேர்ந்துகொண்டது. யாரையும் இடிக்கவில்லை, ஹாரன் அடிக்கவில்லை. ஓட்டுநர் ஓட்டும்போது இருந்ததைவிட ஒழுங்காகப் போயிற்று என்று சொன்னவர்களும் உண்டு. அவர்கள் அந்தக் காரில் ஒருமுறையாவது ஏறியவர்களா என்பது உறுதியாகத் தெரியவில்லை.

ஓட்டுநரைத் தெருவில் நிதானம் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ஓட்டுகிற வேகம் அப்படி. சில நாட்களாகவே அவருடைய காரில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மெக்கானிக்கான அவர் மைத்துனர் தீப்பெட்டி அளவில் ஒரு கருவியைக் கொண்டுவந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே அதைச் செருகி, செல்போனோடு இணைத்தால், காருக்கு என்ன கோளாறு என்று போனில் எழுத்தாக வரும். நிதானத்தின் போன் பட்டன் போன், பேச மட்டுமே உதவும். அதனால் மகளின் போனை வாங்கினார்கள். சாவியைத் திருப்ப வேண்டும், ஆனால் எஞ்சினை ஓட்டக்கூடாது என்பது முறை. நிதானம் எஞ்சினை ஓட்டிவிட்டார். தூங்குகிற வண்டியிடம் கேள்வி கேட்டால் அது என்ன பதில் சொல்லும் என்பது அவர் வாதம். போனும் அனுமதி கேட்டு ஒவ்வொன்றாகக் கேள்வி போட்டது. வகுப்புக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் மகள் எதையும் படிக்காமல் எல்லாவற்றுக்கும் ‘எப்போதும்’ என்று அழுத்திக்கொண்டே போனாள்.

புகைக்குழாயில் ஒரு சென்சார் கெட்டிருந்தது. மைத்துனர் மதியத்துக்குள் மாற்றிவிட்டார், விளக்கும் அணைந்தது. வகுப்பு முடிந்து மகள் வெளியே வந்தபோது கார் வாசலில் நின்றுகொண்டிருந்தது.

“ஏம்மா, எல்லாத்துக்குமா எப்போதும்னு குடுத்தே?” என்றார் மைத்துனர். “பயன்படுத்தும்போது மட்டும்னு கீழேயே ஒண்ணு இருக்குமே.”

“கீழே யாரு மாமா பார்க்கிறா?”

கருவியைப் பிடுங்கிப் பார்த்தார்கள். இணைப்பை அழித்தார்கள். போனை வீட்டில் வைத்துவிட்டு அவளை மட்டும் நடக்கவிட்டார்கள். கார் போனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவள் பின்னாலேயே போயிற்று. இணைப்பு போனோடு இல்லை, அனுமதி கொடுத்த விரலோடுதான் என்று மைத்துனர் முடிவு சொன்னார். அதை மறுக்கும் அளவுக்கு விஷயம் தெரிந்தவர்கள் அந்தத் தெருவில் யாரும் இல்லை.

விளையாட்டாக இருந்த விஷயம் அந்த வாரமே வினையாயிற்று. மகள் லிஃப்ட் பழுதுபார்க்கப் படித்தவள். ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் போகிற தூரத்தில் இருந்த துறைமுக நகரத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது, அடுத்த மாதமே சேர வேண்டும். அவள் போனால் காரும் போகும், கார் போனால் அப்பாவின் பிழைப்பு போகும். அவள் போகாவிட்டால், ஆண்கள் மட்டுமே இருந்த பட்டறையில் ஸ்பேனர் பிடித்துக் கற்றதெல்லாம் வீண். அதுவரை அவள் முன்சீட்டில் உட்கார்ந்தால்தான் சவாரி என்று ஆயிற்று. பயணிகள் அவளைக் காவலுக்கு வந்தவள் என்று நினைத்து வாய் பேசாமல் இறங்கிப் போனார்கள்.

வழி கண்டுபிடித்தது சலவைக்கடையில் வேலை பார்த்த அம்மா. குழந்தைக்குப் பால் மறக்கடிக்கிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக எட்டப் போய்ப் பழக்க வேண்டும் என்றார். அதன்படி மகள் தினமும் மாலையில் தெருமுனையைப் பார்த்து நடந்தாள். நாளுக்கு நாள் கொஞ்சம் அதிக தூரம் போய்விட்டுத் திரும்பினாள். ஆளில்லாத கார் தெருவில் அலையக்கூடாது என்று போக்குவரத்துக் காவலர் ஆட்சேபித்ததால், நிதானம் உள்ளே உட்கார்ந்துகொண்டார். கருவியும் மறுபடி செருகப்பட்டது. கார் தானாக நகரும்போது போனில் வேகம் ஏறும், எஞ்சின் சூடு ஏறும், ஆக்சிலேட்டர் மிதி மட்டும் பூஜ்யத்திலேயே நிற்கும். அதைப் பார்த்துத்தான் மைத்துனர் மெக்கானிக் தொழிலே வேண்டாம் என்று ஒருநாள் முழுக்கப் படுத்திருந்தார்.

கார் நன்றாகப் பழகிற்று. முதலில் மின்கம்பம் வரை பொறுத்துக்கொண்டது, பிறகு மருந்துக்கடை வரை, பிறகு பள்ளிக்கூட மதில் வரை. பழக்கம் மதிலோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் அவள் ஓரடி வைத்தாலும் பின்னால் எஞ்சின் சத்தம் கேட்டது. மாதம் முடிந்துகொண்டிருந்தது. மகள் அழவில்லை, ஆனால் மூட்டை கட்டியிருந்த துணிகளை எடுத்து அலமாரியில் திரும்ப வைக்க ஆரம்பித்தாள். நிதானம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மாலை மதிலைத் தாண்டி நடந்தவள் எதற்கோ போனைப் பார்த்தாள். வேகம் ஏறியிருந்தது, சூடு ஏறியிருந்தது, மிதியும் ஏறியிருந்தது. அவள் நின்றாள். மிதி இறங்கிற்று. நடந்தாள், ஏறிற்று. திரும்பி வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

“அப்பா, கார் வரலை. நீங்கதான் வர்றீங்க.”

“நானா? நான் சும்மா உக்காந்திருக்கேன்.”

“மிதியில யாரு கால்?”

நிதானம் குனிந்து பார்த்தார், வேறு யாருடைய காலோ என்பதுபோல. “மரத்துப் போச்சும்மா. அது எங்க இருக்குன்னே தெரியலை.”

அதற்குள் அம்மா வந்துவிட்டார். “முப்பது வருஷமா இந்த மனுஷனுக்கு அந்த மிதி எங்க இருக்குன்னே தெரியாது. இப்பதான் தெரிஞ்சிருக்கு,” என்றார்.

தெருவே சிரித்தது. நிதானமும் சிரித்தார், ஆனால் கடைசியில் ஆரம்பித்து முதலில் நிறுத்திவிட்டார். ஸ்டியரிங்கில் இருந்த தூசியை விரலால் துடைத்தார். “இங்கேயும் லிஃப்ட் இருக்கே” என்று மெல்லச் சொன்னார்.

“ரெண்டே ரெண்டு இருக்குப்பா. ரெண்டும் நல்லா ஓடுது.”

நிதானம் கதவைத் திறந்து இறங்கி, கார்மேல் சாய்ந்து கைகட்டி நின்றார். “போ. நடந்து காட்டு.” அவள் மதிலைத் தாண்டினாள், பாலத்தைத் தாண்டினாள், கண்ணுக்கு மறைந்தாள். கார் இருந்த இடத்திலேயே இருந்தது. அசைந்தது அவர்தான், இரண்டடி. அம்மா சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

மகள் குறித்த நாளில் பஸ் ஏறினாள். கார் ஊரோடு தங்கிப் பழையபடி மெதுவாகத் தொழில் பார்த்தது. நிறுத்தி வைத்த பிறகு மட்டும் அதற்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எந்தப் பக்கம் பார்த்து நிறுத்தினாலும், நின்ற இடத்திலேயே நகர்ந்து நகர்ந்து, மகள் இருக்கும் திசைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டது. துறைமுகம் கிழக்கே, அதனால் அது பல மாதம் மருந்துக்கடையைப் பார்த்து நின்றது. கம்பெனி அவளை வடக்கே மலையூருக்கு அனுப்பிய வருஷம் எதிர்வீட்டைப் பார்த்து நின்றது. மாற்றலான செய்தி போனில் வருவதற்கு முன்பே எதிர்வீட்டுக்காரர் வந்து விசாரித்துவிட்டார். மைத்துனருக்குக் கல்யாணமாகி இரட்டைக் குழந்தைகள் பிறந்தன, சலவைக்கடை கைமாறியது, நிதானத்தின் தலை நரைத்தது. காருக்கு இரண்டு முறை வண்ணம் பூசினார்கள்.

ஒருநாள் காலை கார் வடக்கிலிருந்து விலகி, வெளியூர் பஸ் ஊருக்குள் வரும் பாலத்தின் பக்கமாகத் திரும்பத் தொடங்கியது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு அரிசியைக் கூடுதலாகக் களைந்தார். நிதானம் துணியை நனைத்துக் கண்ணாடியைத் துடைத்தார். எதிர்வீட்டுக்காரர், கார் முழுசாகத் திரும்ப இடம் வேண்டுமே என்று, தன் சைக்கிளைச் சுவரோரமாக நகர்த்தி வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.