வேறு போனில் பாட்டு ஓடுகிறது

ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற அந்தக் கூடத்தில் அவளுக்கு மடிப்பக்கா என்று பெயர். காயவைக்கும் மிஷினிலிருந்து சுடச்சுட வந்து விழும் படுக்கை விரிப்புகளை மூலைக்கு மூலை சேர்த்து மடித்து அடுக்குவது அவள் வேலை. மடித்த அடுக்கின் மேல் போனைச் சாய்த்து வைத்துப் பாட்டுப் போட்டுக்கொள்வாள். மிஷின் போடுகிற இரைச்சலில் பாதிப் பாட்டு காதிலேயே விழாது. விழாவிட்டால் என்ன, அவள் பாட்டுக்காகவா போட்டாள்?

எதிர்மேசையில் கிழிந்த விரிப்புகளைத் தைக்கிறவளை எல்லோரும் ஊசி என்று கூப்பிடுவார்கள். துணியையும் தைப்பாள், ஆளையும் குத்துவாள்.

"ஏன்க்கா, கேட்ட பாட்டையேதான் தினமும் கேக்கறீங்க. ஒரு தடவை டவுன்லோட் பண்ணி வச்சுக்கிட்டா நெட்டே செலவாகாது. அதை விட்டுட்டு, நெட் பேக் தீந்துபோச்சு, வீட்டுக்காரர் கத்தறாருன்னு புலம்பிக்கிட்டு. என்ன தலையெழுத்தோ!"

"எனக்கு அதெல்லாம் தெரியாதுடி."

"குடுங்க, நான் பண்ணித் தரேன்."

"கைய எடு!"

ஊசி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். அவ்வளவு கடுப்பாக அக்கா பேசி அவள் கேட்டதில்லை.

தெரியாதாம்! நன்றாகத் தெரியும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தப் போனை அவள் பார்த்துக்கொண்டிருந்தது எதற்கென்று அவளுக்குத் தெரியும். வெளியே சொல்லத்தான் வாய் வரவில்லை.

அவளுடைய சின்னவன் வீட்டை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, யார் யார் காலையோ பிடித்து அங்கேயே ஒரு வேலை வாங்கிக் கொடுத்திருந்தார். பையன் அதை உதறிவிட்டு வந்து நின்றான். மனுஷர் ஆடித் தீர்த்துவிட்டார். அவன் பையைத் தூக்கி மாடிப்படியில் எறிந்து, இனி இந்தப் படி ஏறக்கூடாது என்றார். பையன் அப்பாவைப் பார்க்கவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பி, "அம்மா, நீயாவது ஒரு வார்த்தை சொல்லேன்" என்றான். அவள் என்ன செய்தாள் தெரியுமா? குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, கழுவி வைத்த தட்டுகளையே மறுபடி கழுவினாள். தண்ணீரை நிறுத்திவிட்டுத் திரும்பினபோது வாசலில் அவன் செருப்பு இல்லை.

அப்புறம் அவன் நம்பர் மாறிவிட்டது. அக்காக்காரியான தன்னிடம்கூடப் பேச்சில்லை என்று மகள் சொன்னாள். நம்பாமல் இருக்க என்ன காரணம்? பெற்ற மகள் பொய் சொல்வாளா?

ஆனால் ஒன்றை மட்டும் அவன் விட்டுவிட்டுப் போயிருந்தான். நல்லபடியாக இருந்த காலத்தில், அம்மாவுக்கு வேலையிடத்தில் பொழுது போகட்டும் என்று, தான் மாதாமாதம் பணம் கட்டுகிற பாட்டு ஆப்பைத் தன் கணக்கிலேயே அவள் போனிலும் போட்டுக் கொடுத்திருந்தான். அதை எடுக்க அவனுக்குத் தோன்றவில்லை. ஒருநாள் சாயங்காலம், மடித்துக்கொண்டிருக்கும்போது பாட்டு சட்டென்று நின்றது. திரையில் ஏதோ எழுத்து வந்தது. ஊசிதான் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"வேற போன்ல பாட்டு ஓடுதாம்க்கா. ஒரு கணக்குல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் கேக்கலாமாம். யாருக்கா அது, உங்க பாட்டை நிறுத்திட்டுக் கேக்கற மகராசன்?"

மகராசன்தான். மடிப்பக்கா கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். உயிரோடு இருக்கிறான், வேலை முடிந்திருக்கிறது, காலை நீட்டிப் பாட்டுக் கேட்க அவனுக்கு ஒரு இடம் இருக்கிறது. வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

அன்றிலிருந்து சாயங்காலம்தான் அவளுக்கு விடிகிற நேரம். அவன் பாட்டைப் போடுவான், இவளுடையது நிற்கும். 'இங்கே போடவா?' என்று திரை கேட்கும். இவள் அமுக்குவாள், அங்கே அவனுடையது நிற்கும். கொஞ்ச நேரத்தில் அவன் திரும்பப் பிடுங்கிக்கொள்வான். "போடா!" என்று தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள். சின்ன வயதில் ஒரே போர்வைக்குள் படுத்தால் இப்படித்தான் இழுப்பான், விடவே மாட்டான்.

நெட் தீர்ந்து பாட்டு நிற்பது வேறு, அவன் நிறுத்தி நிற்பது வேறு. தீர்ந்தால் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த வட்டத்தைப் பார்த்தாலே அவளுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். அதற்காகவே காலையில் பாட்டுப் போடுவதை விட்டாள். வீடியோ பார்ப்பதை விட்டாள். ஒருநாளைக்குக் கொடுக்கிற நெட்டைச் சாயங்காலத்துக்கென்று பொத்திப் பொத்தி வைத்தாள். வீட்டுக்குப் போனால் டைம்கீப்பர் காத்திருப்பார். அவருக்கு அவள் போனிலிருந்துதான் நெட், அதில்தான் டிவி விவாதம் பார்த்தாக வேண்டும்.

"இன்னைக்கும் கரைச்சிட்டியா? பாட்டு கேக்கற வயசாடி இது?"

அந்தப் பாட்டுகளைப் போனிலேயே ஏற்றி வைத்துக்கொண்டால் இந்தத் திட்டு மிச்சம்தான். ஆனால் ஏற்றி வைத்த பாட்டை வந்து நிறுத்த யார் வருவார்கள்?

இப்படி இருக்கும்போது மகள் வீட்டுக்கு ஒரு ராத்திரி தங்கப் போனாள். மகள் வீட்டில் வைஃபை உண்டு. "போனைக் குடும்மா, சார்ஜ் போடறேன்" என்று வாங்கி வைத்தாள் மகள்.

திரும்பி வந்ததிலிருந்து பாட்டு நிற்கவில்லை. அன்று நிற்கவில்லை, மறுநாளும் நிற்கவில்லை. வாரம் முழுக்கப் பாட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. முதலில் ஓவர்டைமாக இருக்கும் என்று நினைத்தாள். அப்புறம் காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தாள். அப்புறம் நினைக்கக்கூடாததெல்லாம் நினைத்தாள். வேலையிடத்துக்கு வருகிற விரிப்புகளில் சிலவற்றில் ரத்தக்கறை இருக்கும். வருடக்கணக்காகப் பார்த்துப் பழகியவள், அந்த வாரம் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

டைம்கீப்பருக்கோ ஒரே கொண்டாட்டம். "நெட் அப்படியே இருக்கு! இப்பத்தான் உனக்குப் புத்தி வந்திருக்கு" என்றார்.

நெட் அப்படியே இருக்கிறதா? தினமும் பாட்டு ஓடுகிறதே, எப்படி இருக்கும்? மறுநாள் முதல் வேலையாகப் போனை ஊசியிடம் நீட்டினாள்.

"என்ன ஆச்சுன்னு பாருடி இதை."

ஊசி அமுக்கிப் பார்த்தாள். "எல்லாப் பாட்டும் போனுக்குள்ளயே ஏறியிருக்கு. ஆஃப்லைன்ல வேற போட்டிருக்கு. அதான் நெட்டும் போகலை, வேற போன் வந்து நிறுத்தவும் இல்லை. என்னைக் கைய எடுன்னீங்க, இப்ப யார் கைய வச்சா?"

அப்பாடா! அவன் நன்றாகத்தான் இருக்கிறான், பாட்டுதான் அவனிடம் போய் முட்டவில்லை. போன உயிர் திரும்பி வந்தது, கூடவே கோபமும் வந்தது. மிஷின் இரைச்சலை விட்டு வெளியே வந்து மகளைக் கூப்பிட்டாள்.

"யாரைக் கேட்டுடி என் போனைத் தொட்ட?"

"அப்பாகிட்ட திட்டு வாங்காம இருப்பியேன்னுதான்மா..."

"நான் கேட்டேனா? திட்டு வாங்கறது நானு. உனக்கு என்ன வந்தது? ஒரு வாரமா நான் செத்துப் பொழைச்சேன், தெரியுமா?"

"ஐயோ, என்னை ஏம்மா திட்டற? அவன்தான் பண்ணச் சொன்னான்!"

வாய் தவறி வந்துவிட்டது. மகள் அந்தப் பக்கம் நாக்கைக் கடித்துக்கொண்டது இங்கே தெரிந்தது.

"யாரு?"

"தம்பி."

"உன்கிட்ட பேசறானா?"

"ஆரம்பத்துலேருந்தே பேசறான்மா. உன்கிட்ட சொல்ல வேணாம்னுட்டான்."

"என்ன சொன்னான்?"

"விடும்மா."

"என்னடி சொன்னான்?"

"வேலை முடிஞ்சு வந்து பாட்டைப் போட்டா அம்மா நடுவுல நடுவுல வந்து நிறுத்தறாங்க, பெரிய தொல்லையா இருக்கு, அவங்க போன்லயே எல்லாத்தையும் ஏத்தி விட்டுடுன்னான். இல்லைன்னா கணக்கை விட்டே எடுத்துடறேன்னான். நான்தான், பாவம், வேணாம்னேன்."

"நிறுத்தறது நான்தான்னு மொதல்லேருந்தே அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்னம்மா? உன் போன் பேரு அவனுக்கு வருமே."

அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. வருமாம், பேர் வருமாம். இத்தனை நாளும் அம்மா என்று தெரிந்துதான் பிடுங்கிக்கொண்டிருந்தான். அவள் அதைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே வந்து ஊசியிடம் சொல்லி ஆஃப்லைனை எடுக்க வைத்தாள். சாயங்காலம் நேரம் வந்ததும் பாட்டைப் போட்டாள். வேறு போனில் பாட்டு ஓடுகிறது, இங்கே போடவா என்று கேட்டது திரை.

"தொல்லைதான்டா. ஆமா, தொல்லைதான். இழு பாப்போம்" என்று முணுமுணுத்தபடி அமுக்கினாள்.

பாட்டு ஆரம்பித்தது. ஒரு விரிப்பை மடித்தாள். திரையைப் பார்த்தாள். இன்னொன்றை மடித்தாள். இப்போது இழுப்பான், இதோ இப்போது இழுப்பான் என்று விரிப்பைக் கையில் பிடித்தபடியே நின்றாள். அவன் இழுக்கவில்லை. அங்கே அவனும் ஒரு குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றான் போலிருக்கிறது.

"பரவால்லையேக்கா, இன்னைக்கு நெட்லயே பாட்டு முழுசா ஓடுதே!" என்றாள் ஊசி.

அந்தப் பாட்டு முடிந்து அடுத்தது ஆரம்பித்தது. அதையும் யாரும் நிறுத்தவில்லை.