கதை இல்லாத மேஜை

1

இந்தக் கதைக்காக நான் அந்தக் குடிலை வாடகைக்கு எடுக்கவில்லை. ஒரு நாவலுக்காக எடுத்தேன். வயல்களுக்கு நடுவே ஓட்டுக்கூரை, ஜன்னலோரம் எழுதுமேஜை, அமைதி என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். நாவல் வரவில்லை, எறும்புதான் வந்தது. ஆகவே நடந்துபோகிற தூரத்தில் இருந்த பழம்பொருள் கடைக்குப் போய், வாங்குகிற உத்தேசமே இல்லாமல் விலை விசாரித்துப் பொழுதைப் போக்கினேன்.

அங்கேதான் அந்த ஆளைப் பார்த்தேன். 'உட்காராதீர்கள்' என்று அட்டை தொங்கிய நாற்காலியில், அட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சற்றுத் தள்ளி அவர் மனைவி, அவர் வேறு யாருடைய கணவரோ என்கிற முகத்தோடு நின்றிருந்தாள்.

நான் கண்ணால் பார்த்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் சொந்தச் சரக்கு.

2

முதல் தொடக்கம்: 'காலத்தின் தூசி படிந்த அந்தக் கடையில்...'

[வேண்டாம். அந்தத் தூசி காலத்தினுடையது அல்ல, கடைக்காரம்மாவினுடையது. பொருள்கள்மேல் தூவுவதற்கென்று சலித்து டப்பாவில் வைத்திருக்கிறார்.]

இரண்டாவது: 'காதல் என்பது ஒரு பழைய...'

[எழுதிய கையை நானே அடித்துக்கொண்டேன்.]

மூன்றாவது, நேராக: அவர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் சேத மதிப்பீட்டாளர். அடுப்படி எரிந்த வீட்டுக்கும், வெள்ளம் புகுந்த கடைக்கும் போய் என்ன நஷ்டம் என்று சொல்கிறவர். நனைந்த சோபாவுக்கு முன்னால் ஒரு குடும்பமே அழுதுகொண்டிருக்கும், இவர் அதன் காலைத் தட்டிப் பார்த்து, "இது ஏற்கெனவே ஆடிக்கிட்டுதானே இருந்தது?" என்பார். பழசு என்றால் விலையில் கழிப்பது அவர் தொழில்.

தொழிலை வாசலில் செருப்போடு விட்டுவிட்டு வருகிற ஜாதி இல்லை அவர். மனைவி, "தலை வெடிக்குது" என்பாள். "வெடிக்குதா, வலிக்குதா?" என்பார். "ஊரே வந்திருந்தது" என்றால், "சுமாரா எத்தனை பேர்?" என்பார். கை நீட்டியதில்லை, குடித்ததில்லை. அவள் சொன்ன ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கழித்துக்கொண்டே வந்தார், அவ்வளவுதான். ஒருநாள் கழிக்க ஒன்றுமில்லாதபடி அவள் பேச்சையே நிறுத்தினாள். பிறகு இரண்டு பெட்டியோடு, தான் வேலை பார்க்கும் பிசியோதெரபி நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு பார்த்துப் போய்விட்டாள்.

இவர்களுக்கு என் குடிலுக்குப் பக்கத்திலேயே ஒரு குடிலை ஏற்பாடு செய்தது மகள். "ரெண்டு பேரும் போய் உக்காந்து பேசுங்க. பேசினாலும் பேசலைன்னாலும் கட்டின காசு திரும்பி வராது" என்று போனில் சொல்லியிருந்தாள். அப்பாவுக்குப் புரிகிற பாஷை.

இதோ கடைசி நாள். நாளைக் காலை சாவியைக் கொடுத்துவிட்டு ஆளுக்கொரு பேருந்து. அதற்குள் அவர் கேட்கவேண்டியது ஒரே வரி: வீட்டுக்கு வந்துடு. சவரம் செய்யும்போது கண்ணாடியிடம் பலமுறை கேட்டுப் பார்த்தார். கண்ணாடி சம்மதித்துவிட்டது.

3

இப்போது கடைக்காரம்மா. (இவரை நான் சந்தேகிக்கிறேன். இவ்வளவு கெட்டிக்காரப் பாத்திரம் என் கற்பனைக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் தூக்கிவிட்டால் கதையில் பேச ஆளிருக்காது.)

அவர் கடையில் எந்தப் பொருளுக்கும் இரண்டு விலை: கதையோடு ஒன்று, கதையில்லாமல் ஒன்று.

"இந்தக் கடிகாரம் சும்மான்னா இந்த விலை. கதையோடன்னா கொஞ்சம் கூட."

"என்ன கதை?"

"அதைச் சொல்லிட்டா நீங்க கதையை மட்டும் எடுத்துட்டுப் போயிடுவீங்களே!"

குடிலுக்கு வருகிற கூட்டம் முக்கால்வாசி கதையோடுதான் வாங்கும். நகரத்தில் விருந்தாளி வரும்போது கடிகாரத்தைக் காட்டி என்ன பேசுவது? மணி சரியாக இருக்கிறது என்றா?*

* பொறாமையில் சொல்கிறேன்: அவர் கதைகளுக்கு ரொக்கம். என் கதைகளுக்கு 'பரிசீலனையில் உள்ளது'.

4

மனைவி ஒரு நிலைக்கண்ணாடி முன்னால் நின்றாள். கதையோடு கேட்டாள். கடைக்காரம்மா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஒரு நாடகக்காரியோடதும்மா. மேடைக்குப் போறதுக்கு முன்னாடி இதுல பாத்துத்தான் அழுவாளாம். வெளிய போனா சிரிப்பாளாம். கடைசி வரைக்கும் இது ஒண்ணை மட்டும் விக்கவே..."

மனைவியின் முகம் இளகியது. கணவர் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று: வாயை மூடிக்கொண்டிருப்பது. மனிதர் நாற்காலியை விட்டு எழுந்துவந்து, கண்ணாடியைத் திருப்பிப் பின்பக்கத்தை நகத்தால் சுரண்டினார்.

"பின்னாடி பிளைவுட். திருகாணி புதுசு. இந்தக் கறை டீத்தண்ணி." முகர்ந்தும் பார்த்தார். "இஞ்சி டீ."



"பொய்னு எனக்குத் தெரியாதா?" என்றாள் மனைவி மெதுவாக. "நான் என்ன பாப்பாவா? ஒரு அழகான பொய்யைக் கொஞ்ச நேரம் கேட்டுட்டு நின்னேன். அது உங்களுக்குப் பொறுக்கலை."

"நீ ஏமாந்துடக் கூடாதேன்னுதான்..."

"நீங்க காப்பாத்திக் காப்பாத்தித்தான் நான் தனியா இருக்கேன்."

[இந்த இடத்தில் இடி இடித்ததாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவள் சொன்னதே போதும்.]

5

கடைக்காரம்மாவுக்குக் கோபம். நாடகக்காரியைச் செதுக்க அவருக்கு ஒரு வாரம் ஆகியிருந்தது.

"வாங்க சார். இவ்வளவு தெரிஞ்சவர் இதைச் சொல்லுங்க." மூலையில் கிடந்த சாப்பாட்டு மேஜையைத் தட்டினார். "இதுக்குக் கதையே அமையலை. வந்து கிடக்குது. நீங்களே ஒண்ணு சொல்லுங்க. நல்லா இருந்தா விலையில பாத்துக்கலாம்."

"எனக்குக் கதையெல்லாம் வராதுங்க."

"அடுத்தவங்க கதையில ஓட்டை போட மட்டும் வருதாக்கும்!"

மனைவி வாசல்பக்கம் திரும்பிவிட்டாள். அவர் அவசரமாக மேஜையைத் தடவினார். வழக்கம்போல அது என்ன நடந்தது என்று அவருக்குச் சொல்லிற்று.

"இங்க... இந்த ஒரு பக்கம் மட்டும் மெருகு போயிருக்கு. ஒரு ஆள் ஒரே இடத்துல உக்காந்து சாப்பிட்டிருக்கான்."

"அது கதை இல்ல சார், ரிப்போர்ட்."

"இருங்க. எதிர்ப் பக்கம் புதுசா இருக்கு. அங்க... அங்க ஒருத்தி உக்காருவா. இப்ப இல்ல. அவன் தினமும் ரெண்டு தட்டு எடுத்து வெப்பான். அப்புறம் ஒண்ணைத் திருப்பிக் கொண்டுபோய் வெச்சுடுவான். அவ பேசினதெல்லாம் மிகையா இருக்கேன்னு அவனுக்கு அப்ப ஒரு நெனப்பு. இப்ப வீட்டுல எல்லாம் அளவா இருக்கு. ரொம்ப அளவா இருக்கு." நிறுத்தினார். "தலை வெடிக்குது."

வாசலில் நின்றவள் திரும்பவில்லை. ஆனால் போகவுமில்லை.

"வெடிக்குதா, வலிக்குதா?" என்று கேட்டாள், முதுகைக் காட்டிக்கொண்டே.

"வெடிக்குது" என்றார்.

கடைக்காரம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பரவாயில்ல. முடிவுதான் இல்ல."

6

அதுதான் என் சிக்கலும். இரண்டு முடிவு எழுதினேன்.

அ) அவள் ஓடிவந்து அவர் தோளில் சாய்கிறாள். [அவள் பிசியோதெரபிஸ்ட். அவருடைய தோள்பட்டை வலி அவளுக்குத் தெரியும். சாயமாட்டாள்.]

ஆ) அவள் பேருந்தேறிப் போய்விடுகிறாள், அவர் மேஜையோடு நிற்கிறார். [இலக்கியப் பத்திரிகைகள் இதைத்தான் கேட்கும். எனக்கு மனசு வரவில்லை.]

இரண்டையும் கிழித்துவிட்டு, அவர்களைப் பேசவிட்டுப் பார்க்கிறேன்.

மனைவி மேஜையிடம் வந்தாள். மெருகு போகாத பக்கத்தில் கையை வைத்தாள். "எடுத்துக்கறோம்" என்றாள்.

'கறோம்' என்றதும் அவர் காது சிவந்தது.

"வண்டிக்காரன் வியாழக்கிழமை வருவான்" என்றார் கடைக்காரம்மா. "எங்கம்மா இறக்கணும்? வாசல் அகலம் சொல்லணும். போன தடவை ஒரு அலமாரியை நாலு தெரு சுத்திக் காட்டிட்டுத் திரும்பக் கொண்டாந்தான்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவர் சட்டைப்பையில் கைவிட்டு அளவு நாடாவை எடுத்தார். பேசத் தெரியாதபோது கைக்கு ஒரு வேலை வேண்டுமே. மேஜையின் விளிம்பில் நாடாவை வைத்தார்.

"அளக்காதீங்க" என்றாள். "என் வீட்டு வாசல்ல இது நுழையாது."

நாடா சரக்கென்று சுருண்டு உள்ளே போயிற்று. கேட்கவேண்டிய அந்த ஒரு வரி அவர் தொண்டைவரை வந்து நிற்கிறது. அவள் காத்திருக்கிறாள். கடைக்காரம்மாவோ முகவரி எழுதப் பேனாவோடு நிற்கிறார்.

நான் ஓர் அலமாரிக்குப் பின்னால் நிற்கிறேன். இங்கிருந்து நான் சொல்லிக்கொடுத்தால் அது என் வரியாகிவிடும், அவள் வரமாட்டாள். நீங்கள் அவருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறீர்கள். முழங்கையால் லேசாக ஓர் இடி இடியுங்கள்.