இடது மட்கார்டில் ஓர் ஒடுக்கு

நெவில் ஹாட்ஜ் கட்டிய கார்களின் மேல் விரல் ரேகையைப் பார்த்தவர் யாரும் கிடையாது. எலிசபெத் என்ற ஊரின் கார் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் பெயிண்ட் பிரிவில் இருந்தவர். வரிசையில் வரும் ஒவ்வொரு வண்டியையும் விளக்கடியில் நிறுத்திப் பார்த்து, கீறலோ தூசியோ தென்பட்டால் சாக்கட்டியால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவது அவர் வேலை. தொழிற்சாலையை மூடினார்கள், அந்தக் கண்ணை மூட முடியவில்லை. வீட்டில் ஒரு சாண் நீளப் பிளாஸ்டிக் கார்களைக் கட்ட ஆரம்பித்தார். சமையலறை மேஜை முழுக்கப் பசையும் பெயிண்ட் குப்பிகளும் இடுக்கிகளும். சாப்பாட்டுத் தட்டு வைக்க ஒரு மூலைதான் மிச்சம். தனியாள் என்பதால் கேட்க ஆளில்லை.

பக்கத்து ஊரான சால்ஸ்பரியின் சமுதாயக் கூடத்தில் வருஷா வருஷம் மாடல் கட்டுகிறவர்களின் கண்காட்சி நடக்கும். வாசலில் சாஸேஜ் பொரியும் வாசனை, உள்ளே மேஜை மேஜையாகக் கார்கள். அந்த வருஷம் நெவிலின் மேஜைக்கு முன்னால் ஓர் அம்மாள் வெகுநேரம் நின்றாள். எழுபது வயதிருக்கும். சிவப்புக் கம்பளிச் சட்டை, கையில் பாதி கடித்த சாஸேஜ் ரொட்டி. ரொட்டி கார்களுக்கு மேலே ஆடியபோதெல்லாம் நெவில் ஒரு காரைப் பின்னுக்கு நகர்த்தினார்.

"இதெல்லாம் நீங்களே செஞ்சதா?"

"பெட்டியில உதிரியா வரும். ஒட்டுறது, பெயிண்ட் அடிக்கிறதெல்லாம் நான்."

"ஹோல்டன் ஈ.எச். வேகன் செய்வீங்களா? அறுபத்து நாலாம் வருஷத்து வண்டி. இளநீலம், கூரை மட்டும் வெள்ளை. இருபத்தாறு வருஷம் வெச்சிருந்தோம். எம்பேரு வில்மா மேடக்."

நெவில் யாருக்கும் கட்டிக்கொடுப்பதில்லை. ஆனால் அந்த வண்டியின் பெட்டி ஒன்று பிரிக்காமலே அவர் அலமாரியில் பல வருஷமாகக் கிடந்தது. அந்த அம்மாள் நிறத்தைச் சொன்ன விதமும் அவருக்குப் பிடித்திருந்தது.

"செய்றேன். ஆனா அவசரப்படுத்தக் கூடாது."

"அவசரமில்ல. நானும் எங்க வீட்டுக்காரரும் உசுரோட இருக்கறப்பவே முடிச்சுட்டீங்கன்னா போதும்."

மறுவாரம் ஒரு பழைய புகைப்படம் தபாலில் வந்தது. வண்டியின் வலப்பக்கம் மட்டும் தெரிந்தது. கடற்கரை மணலில் நின்றிருந்தது. அதை வைத்துக்கொண்டு நெவில் நாலு மாதம் உட்கார்ந்தார். ஏழு பூச்சு பெயிண்ட். ஒவ்வொன்றும் காய்ந்தபின் தண்ணீரில் நனைத்த உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து அடுத்தது. கடைசியில் பானட்டைப் பார்த்தால் சமையலறை ஜன்னல் அதில் கோணாமல் தெரிந்தது. தன் வாழ்க்கையிலேயே இதுதான் சிறந்தது என்று அவருக்குப் பட்டது.

கொண்டுபோய்க் கொடுத்த அன்று வில்மாவின் கணவர் லெஸ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு, பெரிய கைகள். நெவில் வணக்கம் சொன்னபோது அவர் முகம் நெவிலின் தோளுக்கு அந்தப் பக்கம் எங்கோ பார்த்துச் சிரித்தது. நெவிலுக்கு அப்போதுதான் புரிந்தது.

"எட்டு வருஷமாச்சு. கண்ணுல அழுத்தம்னாங்க, அப்புறம் ஒண்ணுமே தெரியல," என்றார் லெஸ், பஸ் தாமதமானதைச் சொல்வதுபோல. "எங்க, குடுங்க பாப்போம்."

ஏழு பூச்சின் மேல் பத்து விரல்களும் இறங்கின. விரல்கள் கூரையைத் தடவின, ஜன்னலுக்குள் புகுந்தன, கதவோரம் வந்தன. டக்கென்று ஒரு சத்தம். பக்கவாட்டுக் கண்ணாடி ஒடிந்து கம்பளத்தில் விழுந்தது.

"ஐயையோ, மன்னிச்சுக்குங்க. ரொம்ப வழவழன்னு இருக்கு. யாரோட வண்டி?"

"நம்ம வண்டிதான், லெஸ்," என்றாள் வில்மா.

"நம்மளுதா? அப்ப ஒடுக்கு எங்க?"

"ஒடுக்கா?" என்றார் நெவில்.

"இடது மட்கார்டுல, விளக்குக்குப் பின்னால. இவ வீட்டு கேட் கம்பத்துல இடிச்சதுதான்."

"நானா? வண்டிய ஓட்டுனது நீ. நான் பக்கத்துல உக்காந்து நிறுத்து நிறுத்துன்னு கத்திட்டிருந்தேன்."

"நீ கத்துனதுலதான் கை தடுமாறிச்சு. அப்ப இடிச்சது யாரு?"

ஒடிந்த கண்ணாடியைத் தேடி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சரிசெய்து தருகிறேன் என்று காரை வாங்கிக்கொண்டார் நெவில். வில்மா வாசல்வரை வந்தாள்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லியிருந்தா பாவம் பாத்துப் பொம்மை மாதிரி ஏதோ செஞ்சு குடுத்திருப்பீங்க. எனக்கு நெஜ வண்டி வேணும்னு தோணுச்சு." கதவில் சாய்ந்துகொண்டு, "ஒடுக்க நானே மறந்துட்டேன் பாருங்க. எனக்குக் கண்ணு தெரியறதால போட்டோ போதும்னு நெனச்சுட்டேன்," என்றாள்.

இரண்டு நாள் நெவிலுக்குச் சோறு இறங்கவில்லை. ஜன்னல் தெரியும் பானட்டை ஒருத்தர் வழவழப்பு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாரே என்று ஆற்றாமை. போதாக்குறைக்கு ஒடுக்கு வேறு வேண்டுமாம். ஒடுக்கு விழுந்த வண்டியைத் திருப்பி அனுப்பியே சம்பளம் வாங்கியவர் அவர். மூன்றாம் நாள் காரைத் துணியில் துடைக்கும்போது, லெஸ்ஸின் விரல் பதிந்திருந்த இடங்களைப் பார்த்தார். எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம். இடது மட்கார்டில் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக, தேடித் தேடிப் பார்த்த மாதிரி. துடைக்காமல் துணியைக் கீழே வைத்தார்.

அன்று மத்தியானமே லெஸ்ஸின் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"ஒடுக்கு எந்த மாதிரி? ஆழமா? நீளமா?"

"கைய நீட்டுங்க." நெவிலின் உள்ளங்கையில் லெஸ் கட்டைவிரலை வைத்து மேலிருந்து கீழாக அழுத்தி இழுத்தார். "இப்படி வந்து, இங்க நின்னு, கீழ லேசா மடிஞ்சிருக்கும். கார் கழுவுறப்பல்லாம் கை அதுல போய் உக்காரும். ஊருக்குப் போறப்ப மேல சாமான் கட்டுற கம்பி மாட்டுவோம். பின்கதவு தெறக்கும்தானே? தெறக்கலன்னா அது எங்க வண்டி இல்ல. அதுக்குள்ளதான் மெத்தய போட்டு ஊர் ஊரா தூங்குனோம்."

"அவர் குறட்டை விடுவாரு, நான் வெளிய வந்து உக்காந்திருப்பேன்," என்றாள் வில்மா உள்ளேயிருந்து.

வீட்டுக்கு வந்து நெவில் செய்த முதல் காரியம், பெயிண்டைக் கரைத்தது. நாலு மாத வேலை ஒரு மணி நேரத்தில் நீலச் சகதியாகத் தட்டில் ஓடியது. அதற்கு அவர் கை கூசவில்லை. கூசியது அடுத்ததற்குத்தான். ஒரு தேக்கரண்டியின் முதுகை மெழுகுவர்த்தியில் சூடாக்கி மட்கார்டுக்குக் கிட்டே கொண்டுபோவார், எடுத்துவிடுவார். மூன்று முறை கரண்டி ஆறிப்போனது. நாலாவது முறை கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையில் அந்தக் கட்டைவிரல் போன வழியை நினைத்துக்கொண்டு அழுத்தினார். பிளாஸ்டிக் இளகிக் கொடுத்தது. கண்ணைத் திறந்து பார்த்தார். பார்ப்பதற்கு அசிங்கமாகத்தான் இருந்தது. விரலை வைத்தார். விரல் போய் உட்கார்ந்தது.

அதன்பின் வேலை மளமளவென்று நடந்தது. பக்கவாட்டுக் கண்ணாடிகளை எந்த விரலுக்கும் ஒடியாதபடி பித்தளைக் கம்பியில் நட்டார். கூரைமேல் கம்பிச் சட்டம் வைத்து நூலைத் திரித்துக் கயிறாகக் கட்டினார். பின்கதவுக்கு ஊசி முனையில் கீல். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த விரல் நீள மெத்தை. இருக்கைகளின் மேல் தையல் வரிகளைக்கூடக் கீறிவிட்டார். பெயிண்ட் மூன்று பூச்சோடு நின்றது.

இரண்டாம் முறை கொடுத்தபோது லெஸ் காரை மடியில் வைத்துக்கொண்டார். கை கூரைக் கம்பியில் நின்றது. கயிற்றை நிமிண்டிப் பார்த்தது. பின்கதவைத் திறந்தது, மெத்தையைத் தொட்டது. பிறகு சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்து, மட்கார்டில் கட்டைவிரல் அப்படியே தங்கிவிட்டது. வில்மா தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"வந்துட்டியா," என்றார் லெஸ் காரிடம். பிறகு வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நெவில் தன் தட்டிலிருந்த லாமிங்டன் கேக்கில் தேங்காய்த் துருவலை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்.

லெஸ்ஸின் விரல் மறுபடி நகர்ந்தது. கதவுக்குக் கீழே போய் நின்றது. "இங்க ஒரு கோடு ஓடுதே. ரெண்டு துண்டு சேர்ற எடமா?"

"இருக்காது. அதையெல்லாம் பட்டி வெச்சுத் தேச்சாச்சு."

"இருக்குய்யா. இந்தாங்க, பாருங்க."

நெவில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். தெரியவில்லை. ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மயிரிழைக்குப் பாதி கனத்தில் ஒரு கோடு இருந்தது. முப்பத்தொரு வருஷம் பார்த்த கண்ணுக்கு அது தப்பியிருந்தது.

"புதன்கிழமைல உங்களுக்கு என்ன வேலை?" என்று லெஸ்ஸைக் கேட்டார்.

"உக்காந்திருக்கறதுதான்."

இப்போது புதன்கிழமைகளில் வில்மா லெஸ்ஸைக் காலையில் நெவில் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, புல்தரையில் பந்துருட்டி விளையாடும் தன் குழுவுக்குப் போகிறாள். சமையலறை மேஜையில் இரண்டாவது ஆளுக்கும் இடம் ஒதுக்கியாகிவிட்டது. போன வாரம் ஒரு பழைய ஃபால்கன் கார் மேஜைக்கு வந்திருந்தது. லெஸ் மடியில் துண்டை விரித்து, நனைத்த உப்புத்தாளால் அதன் கூரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நெவில் பெயிண்டைக் கலக்கிக் கையில் தூக்கி வைத்துக்கொண்டு பத்து நிமிஷமாக நின்றார்.

"போதும் குடுய்யா. கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு."

"உனக்குக் கண்ணாடி மாதிரி. எனக்கு இன்னும் மணல் மாதிரிதான் இருக்கு. பெயிண்ட மூடி வெச்சுட்டுப் போய் டீ போடு."

நெவில் மூடியைத் திருகி வைத்துவிட்டு, கெட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போனார்.