நடையில் தெரியாதது

பீங்கான் கம்பெனி கக்கூசில் கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, இளமதி பல்லைக் கடித்தபடி நின்றாள். கதவுக்கு வெளியே கூட வேலை செய்யும் ஜெசி காவல்.

"போச்சா?"

"பாதியில நிக்குதுடி. குத்துது. எனக்கு வேணாம் இந்த எழவு."

"பாதியில நின்னா குத்தத்தான் செய்யும். இழுத்துப் போட்டுட்டு வேற ஒண்ணு எடு. ஒடம்ப வெறப்பா வச்சிக்காத. மூச்ச வுட்டுக்கிட்டே தள்ளு. நேரா மேல தள்ளாத, பின்னால இடுப்பப் பாத்தாப்ல சாய்ச்சித் தள்ளு. கைய சோப்புப் போட்டுக் கழுவுனியா? நெகத்துல மண்ணு இருக்கப்போவுது."

மண் இருக்கத்தான் செய்தது. அந்தக் களிமண் இந்த ஊரில் யார் நகத்தை விட்டது? இளமதி மறுபடியும் கழுவினாள். இரண்டாவதைப் பிரித்தாள். விரல் நீளங்கூட இல்லாத பஞ்சுச் சுருள், வாலில் ஒரு நூல். டாம்பன் என்று பேராம். இதைப் போய் உள்ளே வைப்பதா என்று ஒரு வாரமாக முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தவளை, கடைசியில் சம்மதிக்க வைத்தது அவளுடைய தொடைதான். சூளையிலிருந்து சுட்ட சாமான் வண்டி வெளியே வந்ததும், அதன் பக்கத்திலேயே நின்று விரிசல் விழுந்த பியூஸ் கட்டைகளைப் பொறுக்கி எறிவது அவள் வேலை. அந்த அனலில் பேடோடு நின்றால் சாயங்காலத்துக்குள் தொடை இரண்டும் வெந்து தோல் உரிந்துவிடும். மாதாமாதம் காலை அகட்டி அகட்டி நடந்துதான் வீடு போய்ச் சேர்வாள்.

"ஏய், என்னாச்சு?"

"போயிடுச்சுன்னு நெனைக்கிறன். ஒண்ணுமே தெரியலயேடி."

"தெரியலன்னா சரியாப் போயிருக்குது. நூலு வெளியில தொங்குதா?"

"தொங்குது."

"அவ்ளோதான். உள்ள போய்த் தொலைஞ்சிடாது, பயப்படாத. அதுக்கு மேல வழி கெடையாது. நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா மாத்திடு. எட்டத் தாண்டவே கூடாது. புதுசுல, ராத்திரிக்கி பேடே வச்சிக்க. திடீர்னு காய்ச்சல், வாந்தி, மயக்கம்னு வந்தா ஒடனே எடுத்துட்டு ஆஸ்பத்திரிக்கி ஓடு. கக்கூசுக்குள்ள போட்டுத் தொலைக்காத, அடைச்சிக்கும். பேப்பர்ல சுத்திக் குப்பையில போடு."

ஜெசியின் அண்ணி குவைத்தில் நர்ஸ். லீவுக்கு வந்தவள் இருப்பதிலேயே சின்ன சைஸாகப் பார்த்துப் பெட்டி பெட்டியாகக் கொடுத்து, பாடமும் நடத்திவிட்டுப் போயிருந்தாள். இளமதி கதவைத் திறந்து இரண்டடி நடந்து பார்த்தாள். நின்றாள். மறுபடி நடந்தாள். "அடிப்பாவி, இத இத்தினி வருசமா எவளும் சொல்லலயே" என்றாள். ஜெசி சிரித்துக்கொண்டே கிளவுஸை மாட்டிக்கொண்டு போனாள்.

தப்பு நடந்தது அன்று சாயங்காலம். தப்பு என்ன தப்பு, அவள் மறந்துபோனாள், அவ்வளவுதான். எரியவில்லை, வழியவில்லை, ஞாபகப்படுத்த ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்தவள் வழக்கம்போல் முகம் கழுவி, நேராக அடுப்படிக்குள் போய் மாமனாருக்குப் பாலைச் சுட வைத்துவிட்டாள். பால் பொங்கி வரும்போதுதான் சுருக்கென்றது. ஐயையோ!

அந்த வீட்டில் அந்த மூன்று நாளும் பின்கட்டில் தனிப் பாய், தனித் தட்டு. அடுப்படி வாசலில் நிழல்கூட விழக் கூடாது. ஊறுகாய் ஜாடியைத் தொட்டால் ஊறுகாய் புழுத்துப்போகும், பூஜை அறைப் பக்கம் போனால் குடும்பமே விளங்காது. இதையெல்லாம் கண்காணிக்க மாமியார் திரௌபதி இருந்தாள். சொல்லக்கூட வேண்டாம், மருமகள் கேட்டைத் திறந்து வருகிற நடையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாளாம். "எங்கிட்ட மறைக்க முடியுமா?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வாள், என்னமோ கலெக்டர் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணினவள் மாதிரி. அந்தக் கண்டுபிடிப்புப் புலி இப்போது அடுப்படி வாசலிலேயே உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தது. இளமதி அதைத் தாண்டித்தான் உள்ளே போயிருந்தாள். புலி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பாலை ஆற்றி எடுத்துப் போய்க் கொடுத்தாள். மாமனார் சக்கரபாணி வாங்கிக் குடித்தார். அவருக்குத் தீட்டு என்றால் ஆகவே ஆகாது. ஆனால் ஜங்ஷன் வாசல் கடையில் தினமும் மூன்று போண்டா தின்பார், அதை எவள் மாவு பிசைந்தாள், அன்றைக்கு அவளுக்கு என்ன நாள் என்று ஒருநாளும் விசாரித்தது கிடையாது. புருஷன் தமிழ்மணி இன்னும் ஒரு படி மேல். பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை. ஒரே ஒருமுறை பேடு வாங்கிவரச் சொன்னதற்கு, தெரிந்த கடையை எல்லாம் விட்டுவிட்டு ஊர்க்கோடிக்குப் போய் வாங்கி, கறுப்புக் கவருக்குள் இன்னொரு கறுப்புக் கவராகப் போட்டு, கஞ்சா கடத்துகிறவன் மாதிரி கொண்டுவந்து கொடுத்தான்.

அன்று ராத்திரி இளமதி பின்கட்டுக்குப் போகவில்லை. மெத்தையில், மின்விசிறிக்கு அடியில் படுத்தாள். மறுநாள் ஊறுகாய் ஜாடிக்குள் வேண்டுமென்றே கையை விட்டாள். ஊறுகாய்க்கு ஒரு கேடும் வரவில்லை. பூஜை அறையில் விளக்கேற்றினாள், அது பாட்டுக்கு எரிந்தது. இத்தனை நாள் இந்த மூளை கெட்டதுகளுக்குப் பயந்தா கொசுக்கடியில் கிடந்தோம் என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. "இந்த மாசம் இன்னும் இல்லியா?" என்று நாலைந்து நாள் கழித்து மாமியார் கேட்டபோது, "இல்லீங்க அத்தே" என்று கண்ணைப் பார்த்தே சொன்னாள். அந்தப் பொய்யில் அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில் ஒன்றை யோசிக்காமல் விட்டாள். கல்யாணத்தின்போதே பேசி முடித்த பேச்சு ஒன்று இருந்தது: வயிற்றில் ஒன்று தங்குகிற வரைக்கும்தான் வேலை, தங்கிவிட்டால் அன்றைக்கே நிறுத்திவிட வேண்டும். அந்த வேலை போனால் அவளுக்கு ஜெசி கிடையாது, காலை பஸ் கிடையாது, நாள் முழுக்க இந்த மூன்று மூஞ்சிகள்தான். அதற்கு அவள் சூளைக்குள்ளேயே இறங்கிவிடலாம். அடுத்த மாதமும் அவள் பின்கட்டுக்குப் போகாதபோது திரௌபதி முகத்தில் ஒரு மினுமினுப்பு வந்ததை, வெயில் என்றுதான் நினைத்தாள்.

இரண்டாம் மாதம், தீட்டு வந்து இரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை. "இன்னிக்கி லீவு போடு. தலைக்கிக் குளிச்சிட்டு, ஒங்கையாலயே பாயசம் காய்ச்சி சாமிக்கி வையி" என்றாள் மாமியார். ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று இளமதியும் குளித்தாள், மாற்றிக்கொண்டாள், சேமியாவை நெய்யில் வறுத்துக் கொட்டிப் பாயசம் காய்ச்சினாள். விளக்கேற்றி, படைத்து, கற்பூரமும் காட்டினாள். நல்லூரிலிருந்து மாமியாரின் அக்கா வீரம்மாள் பூவும் வளையலுமாக வந்து இறங்கியபோதுதான் அது வேண்டுதல் இல்லை என்று புரிந்தது.

கூடத்தில் எல்லோரும் பாயசத் தம்ளரோடு உட்கார்ந்திருந்தார்கள். திரௌபதி அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். "ரெண்டு மாசம் தள்ளிப்போயிருக்குது அக்கா. வாயத் தொறந்து சொல்லுதா பாரு கள்ளி! நடையப் பாத்தே எனக்குத் தெரிஞ்சிபோச்சு. முன்ன மாரி காலப் பரப்பிக்கிட்டு வரதில்ல, மெதுவா, பூமாரி வரா."

தமிழ்மணி போனைப் பார்த்து அசடாகச் சிரித்தான், அந்த போனுக்குத்தான் குழந்தை பிறக்கப்போகிற மாதிரி.

"பாயசம் அமிர்தம்மா" என்றார் சக்கரபாணி, இரண்டாவது தம்ளரை நீட்டிக்கொண்டே. "வேலையப் பத்தி இனிமே ரோசன பண்ணாத. ராஜமாணிக்கம் மொதலாளிக்கி காலையிலயே போன் போட்டு, மருமவ இனிமே வராதுன்னுட்டேன். வேற ஆளப் பாத்துக்கிறன்னாரு."

சொல்லாவிட்டால் வேலை போச்சு. சொன்னால் பின்கட்டு, பாய், கொசு, இதுவரை தொட்டதற்கெல்லாம் விசாரணை. இளமதி நாலு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இதுகளுக்கா பயப்படுவது, சீ!

"நான் உண்டாவலிங்க அத்தே."

"என்னாடி சொல்ற? அதான் ரெண்டு மாசமா..."

"ரெண்டு மாசமும் வந்துச்சு. வேற மாரி பஞ்சு ஒண்ணு இருக்குது, உள்ள வச்சிக்கிறது. நடையில தெரியாது. இன்னிக்கி ரெண்டாம் நாளு."

வீரம்மாளின் கையில் இருந்த வளையல்கள் மடியில் சரிந்தன. திரௌபதி பூஜை அறையைப் பார்த்தாள், அடுப்படியைப் பார்த்தாள். "அப்ப... வெளக்கு?"

"நாந்தான் ஏத்துனேன்."

"போன மாசம்?"

"அப்பவும் நாந்தான். ஊறுகாயும் நாந்தான் எடுத்துப் போட்டன். எதுவும் புழுக்கல அத்தே, நல்லாத்தான் தின்னீங்க."

"டேய் தமிழு, கேட்டியாடா?" என்று கத்தினாள் திரௌபதி. தமிழ்மணி வாசலைப் பார்த்தான், அங்கே ஏதோ அவசரம் இருக்கிற மாதிரி.

இளமதி அவன் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள். முதலாளி நம்பர் அவளுக்கு மனப்பாடம். போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, மாமனார் முகத்துக்கு நேராக நீட்டினாள். "நாளைக்கி வேலைக்கி வருதுன்னு சொல்லுங்க மாமா. நீங்கதான சொன்னீங்க, நீங்களே மாத்திச் சொல்லுங்க."

சக்கரபாணியால் சொல்ல முடியவில்லை. அவர் வாய் நிறையப் பாயசம் இருந்தது. துப்ப வேண்டுமென்றால் கூடத்து நடுவில் துப்ப வேண்டும், விழுங்க வேண்டுமென்றால் விழுங்க வேண்டும். இரண்டு கன்னமும் உப்பி, கண்ணில் நீர் முட்ட, கடைவாயில் ஒரு சேமியா வெளியே தொங்க, அவர் அவளையே பார்த்தார்.

"அலோ, யாரு?" என்றது போன். "அலோ? பேசுங்க, யாரு?"

அவள் கையை இறக்கவில்லை.