எண்ணெய் கசிந்த சக்கரம்

ஆந்திரா தனி மாநிலமாகி, திருத்தணி யாருக்கு என்று சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். புத்தூரில் கோவர்த்தனனும் அவன் மனைவியின் தம்பி தாமோதரனும் கூட்டாக ஒரு பழைய காரை வாங்கி வாடகைக்கு ஓட்டினார்கள். யுத்தத்துக்கு முந்தின வண்டி. பின் பிரேக் சரியாகப் பிடிக்காது.

நாராயணவனத்துப் பாலசுந்தரம், கல்யாணம் முடிந்ததும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் திருமலைக்கு அழைத்துப்போக அந்த வண்டியைப் பேசியிருந்தார்.

கோவர்த்தனன் இடது பின்சக்கரத்தைக் கழற்றினான். பிரேக் டிரம் துருவேறி அச்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி, சுத்தியலால் தட்டி, கை காய்த்துப் போனபிறகுதான் அசைந்தது. உள்ளே டிரம்மை அழுத்திப் பிடிக்கிற லைனிங் எண்ணெயில் ஊறிக் கிடந்தது. இரண்டு சக்கரத்துக்கும் புது லைனிங் அடித்து மாட்டினான். ஏரிக்கரைச் சரிவில் ஓட்டிப் பார்த்தால் வலது சக்கரம் மட்டும் பிடித்தது. வண்டி ஒரு பக்கமாக இழுத்தது.

மறுபடி இடதைக் கழற்றினான். புது லைனிங்கிலும் எண்ணெய். அச்சில் எண்ணெய் கசியாமல் தடுக்கிற கம்பளி வளையம் நைந்து போயிருந்தது. வேறு வளையம் மெட்ராஸிலிருந்து வரவேண்டும். வழியில் திருத்தணியில் போராட்டக்காரர்கள் பஸ்ஸை மறித்துக்கொண்டிருந்தார்கள்.

"தொடச்சுட்டு மாட்டு மாமா. மெதுவா ஓட்டிக்கினு போறேன்," என்றான் தாமோதரன்.

"மலையில எறங்கறப்ப இன்னா பண்ணுவ?"

"நீ ஒருத்தன்தான் காரு ஓட்டறியா? வந்த சவாரிய விட்டுட்டு குந்திக்கினு இருக்கலாமா?"

கோவர்த்தனன் சாவியை மடியில் செருகிக்கொண்டான். பாலசுந்தரத்திடம் போய் வண்டி வராது என்று சொன்னான். "கல்யாண வீட்டுல வந்து சொல்ற சேதியா இது?" என்று எல்லார் முன்னாலும் அவர் கத்தினார். மலைப் பக்கம் மறியல் இல்லாததால் பெண்ணும் மாப்பிள்ளையும் பஸ்ஸில் போனார்கள். தாமோதரன் கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுப் பக்கமே வரவில்லை.

ரோடு திறந்து, வளையம் ஒருவழியாக வந்து சேர்ந்தது. போட்டுப் பார்த்தால் பெரிசு. கோவர்த்தனனுக்கு அழுகையே வந்துவிட்டது. வளையத்தைச் சாக்கடைப் பக்கம் விட்டெறிந்தான். பிறகு தானே எழுந்து போய் அதையே தேடினான்.

தெருவோடு போன தாமோதரன் நின்றான். "இன்னா தேடற?" கேட்டுவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவனும் இறங்கினான். வளையம் புல்லில் கிடந்தது.

"கம்பளிதான மாமா? பிளேடால சீவுனா ஆவாதா?"

இருவருமாகச் சீவிச் சீவிப் பொருத்தினார்கள். லைனிங்கையும் மாற்றினார்கள். சாயங்காலம் அதே சரிவில் பிரேக் போட்டதும் வண்டி நேராக நின்றது.

"நாளைக்கு மலைக்குப் போலாமா?" என்றான் தாமோதரன்.

"மொதல்ல நகரி வரைக்கும் போய்ட்டு வா. வந்ததும் எண்ணெ கசியுதான்னு கழட்டிப் பாக்கலாம்," என்று சாவியை நீட்டினான் கோவர்த்தனன்.