எங்கள் வீட்டில் நாய் கிடையாது

"இந்தக் கடிதாசிய யாருக்கும் காட்டாதம்மா" என்று பிரெஞ்சு வாத்தியார் என் மகளிடம் சொன்னாராம். அன்றைக்கே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. யோக்கியமான கடிதாசியை எதற்கு ஒளிக்க வேண்டும்?

மகள் ஜாஸ்பின் சிவகாசியில் தீக்காய வார்டில் நர்ஸ். கனடாவில் பிரெஞ்சு பேசும் பகுதியில் வேலை, அதற்குப் பிரெஞ்சுப் பரீட்சை எழுதுகிறாள். கேட்பது, படிப்பது, பேசுவது எல்லாம் தேறிவிட்டாள். எழுதுவதில் மட்டும் இரண்டு தடவை போய்விட்டது. மூன்றாவதுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. இதிலும் போனால் அங்கே அவளுக்கென்று வைத்திருக்கும் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

பரீட்சையில், பத்திரிகையில் வந்ததாக ஒரு கருத்தைக் கொடுப்பார்கள். அதைப் பற்றிப் பத்திரிகைக்கு இருநூறு வார்த்தைக்குக் குறையாமல் கடிதம் எழுத வேண்டும். விருதுநகரில் வகுப்பு நடத்தும் ஜெயச்சந்திரன், "உனக்குன்னே தனியா எழுதினது" என்று ஒரு கடிதத்தைக் கொடுத்திருந்தார். எந்தக் கருத்து வந்தாலும் நடுவில் நாலு வார்த்தையை மாற்றி இதையே போடலாமாம். இரண்டு தடவையும் அதைத்தான் போட்டாள். தோற்றதற்கு, அவள் சரியாக மனப்பாடம் செய்யவில்லை என்று பழி.

துணி மடிக்கும்போதும் அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"அதுல அப்படி என்னதாம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"தினமும் காலையில என் நாயக் கூட்டிட்டு ஆத்தங்கரையில நடக்கேன், அப்ப இதப்பத்தி யோசிச்சேன்னு ஆரம்பிக்கும்ப்பா."

"எந்த நாயி?"

"கடிதாசில உள்ள நாயி."

"ஆத்துல தண்ணி கெடக்கா?"

"பிரான்ஸ் ஆறுப்பா. கெடக்கும்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளோடு படிக்கும் யோகலட்சுமி வந்தாள். அவளுக்கும் தனிக் கடிதம், அவளுக்கும் அதே உத்தரவு. இரண்டையும் எடுத்துவரச் சொன்னேன். தயங்கித்தான் கொடுத்தார்கள்.

நான் ஐந்தாவதோடு நின்றவன். ஆனால் காலண்டர் கம்பெனியில் முப்பத்தெட்டு வருஷம் புரூஃப் பார்த்தவன். வங்காளி ஆர்டர் வரும், ஒரியா ஆர்டர் வரும். ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்து, இந்தத் தாளில் இருக்கும் வளைவு அந்தத் தாளிலும் இருக்கிறதா என்று பார்ப்போம். அம்புட்டுத்தான். பிரெஞ்சையும் அப்படியே பார்த்தேன். பதினேழு வரி.

"ரெண்டும் ஒரே பிளேட்டுல அடிச்சது" என்றேன்.

ஜாஸ்பின் பிடுங்கிப் பார்த்தாள். "ஏ யோகு, ஒங்க வீட்லயும் நாயி இருக்கு!"

"அதே ஆத்தங்கரைதான்க்கா" என்றாள் யோகலட்சுமி. சிரித்துக்கொண்டே வந்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "திருத்துறவன் இந்த நாய எத்தன தடவ பாத்திருப்பான்!"

மறுநாள் நானும் வகுப்புக்குப் போனேன்.

"ஐயாவுக்குப் பிரெஞ்சு தெரியுமோ?" என்றார் ஜெயச்சந்திரன்.

"தெரியாது. ரெண்டு தாளும் ஒண்ணுன்னு தெரியும்."

"சொந்தமா எழுதினா நிச்சயம் ஃபெயிலு. பட்டாசு ஊர்ல இருந்துக்கிட்டு இவுக என்ன கருத்துச் சொல்லிருவாக?"

ஜாஸ்பினின் முகம் மாறிவிட்டது. "ஒரு கருத்தக் குடுங்க சார். இங்கனயே எழுதுறேன்."

இளக்காரமாகச் சிரித்துக்கொண்டு போர்டில் எழுதினார்: பட்டாசை உலகம் முழுக்கத் தடை செய்ய வேண்டும்.

அவள் எழுதி முடிக்கும்வரை நான் வாசலில் நின்றேன். வாங்கிப் பார்த்தவர் சிவப்பு மையில் பன்னிரண்டு சுழி போட்டார். "இது பரீட்சைக்கு ஆகாது."

"மூணாவது தடவையும் தோக்கணும்னா என் கடிதாசியிலயே தோத்துக்கிறேன் சார்" என்று தாளை வாங்கிக்கொண்டு நடந்தாள்.

பஸ்ஸில் என்ன எழுதினாய் என்று கேட்டேன்.

"தடை வேண்டாம்னுதான் எழுதினேன். ஆனா பட்டாசுக் கம்பெனில நாலு பேரு இருக்க வேண்டிய ரூம்ல சீசன் லோடுக்காகப் பத்துப் பேர உக்கார வைக்கிறத நிறுத்துங்கன்னு எழுதினேன். வெந்து வாறவுகளுக்கு நாந்தான கட்டுப் போடுறேன்?"

"நம்ம ஊரப்பத்தி வெளிநாட்டுக்காரன்கிட்ட இப்படியா எழுதுவ?"

"பாத்தத எழுதக்கூடாதா? அப்ப நாயவே எழுதவா?"

அந்தத் தாளை வாங்கி, கசங்காமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மிச்ச நாளெல்லாம் பேப்பரில் வரும் ஒரு செய்தியை எடுத்துக் கடிகாரம் வைத்து எழுதினாள். அந்தப் பன்னிரண்டு சுழியையும் விடவில்லை. அவர் காட்டிய தப்பு தப்புதான் என்று ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டாள். கருத்தை மட்டும் தொடவில்லை. சென்னைக்குத் தனியாகப் போய் எழுதிவிட்டு வந்தாள்.

ஒரு மாசம் கழித்து முடிவு வந்தது. எழுத்திலும் தேறிவிட்டாள்.

அந்த வாரமே ஜெயச்சந்திரன் இனிப்புப் பெட்டியோடு வாசலில் நின்றார். பஸ் ஸ்டாண்டில் ஃப்ளெக்ஸ் வைக்க வேண்டுமாம், 'எங்கள் மாணவி' என்று.

"பாப்பா போட்டோ ஒண்ணு வேணும்யா. நல்லதா, யூனிஃபார்ம்ல."

"அவ போட்டோ எதுக்கு?" என்றேன். "அந்த நாயோட போட்டோவப் போடும். ஒம்மகிட்டப் படிச்சது அதுதான்."

இனிப்புப் பெட்டியை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். அடுப்படியிலிருந்து ஜாஸ்பினின் சத்தம் வந்தது:

"யோகலட்சுமி நாயையும் பக்கத்துலயே போடச் சொல்லுங்கப்பா!"