பூ வைக்காத மாடுகள்

பேரம் படியாத இடத்துக்குத்தான் மாட்டுத் தரகனை அனுப்புவார்கள். ஊர்ச் சங்கம் என்னை மலையேரிக்கு அனுப்பியது. மூன்று மணி நேர ஏற்றம். குடிசை வாசலில் பால்கேனைக் கவிழ்த்துப் போட்டு நோட்புர்கா உட்கார்ந்திருந்தாள், என்னோடு பள்ளியில் படித்தவள், எனக்கு புர்கி. ஏரியைச் சுற்றி மூன்று பக்கமும் சிகரங்கள், உச்சியில் புதுப்பனி. ஜூனிலிருந்து இங்கே அவளும் இருபத்து மூன்று மாடுகளும் முர்லி என்ற நாயும். ஆகஸ்ட்டில் பாறை சரிந்து நாய் செத்துப்போனது.

மறுநாள் மாடுகள் கீழே இறங்கும் நாள். கோடையில் மலையில் சாவு விழாவிட்டால் ஒவ்வொரு மாட்டின் தலையிலும் பூவளையம், ஊரில் பேண்டு, பீர். சாவு விழுந்தால் வெறுந்தலையோடு இறங்கும். மாடு ஒன்றும் சாகவில்லை. ஆனாலும் பூ கிடையாது என்று சங்கத்துக்குப் போன் பண்ணிவிட்டாள்.

"நாய்க்குத் துக்கம்னா அடுத்து எலிக்கும் உண்டான்னு சிரிக்கிறாங்க, புர்கி."

"சிரிக்கட்டும். பாறை சரிஞ்சப்போ மாட்டை மறிச்சது முர்லிதான், சங்கம் இல்ல."

"சரி, முன்னாடி போற மாட்டுக்கு மட்டும்?"

"மாட்டேன்."

"அதுக்கும் ஒரு கொம்புக்கு மட்டும்?"

சிரித்துவிட்டாள். பிறகு ஏரியைப் பார்த்தாள். "முர்லி போனதிலேர்ந்து பேச ஆளில்ல, குவிரின். மாட்டுக்கிட்ட சொன்னா மென்னுக்கிட்டே போயிடுது."

"எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே?"

"நீ விலை கேப்பே."

பூ இல்லையென்றால் அடுத்த கோடைக்கு வேறு ஆள் என்று சொல்லச் சொல்லியிருந்தார்கள். சொன்னேன். இந்த ஏரியை விட்டால் அவளுக்குக் கீழே ஒரு வாடகை அறைதான்.

"சொல்லியாச்சுல்ல? உள்ள வா, சூப் ஆறுது."

எத்தனையோ பேரை மடக்கியிருக்கிறேன். விற்க ஏதாவது வைத்திருப்பவரைத்தான் மடக்க முடியும்.

காலையில் வெறுந்தலைகளோடு கிளம்பினோம். கரையோரம் ஒரு கிடாரி வரிசையை விட்டு விலகித் தண்ணீர்ப் பக்கம் போனது. புர்கி யோசிக்காமல் இரண்டு விரலை வாயில் வைத்து முர்லிக்கு விசிலடித்தாள். சத்தம் சிகரத்தில் பட்டுத் திரும்பி வந்தது. விரலை எடுக்க மறந்து நின்றாள். ஓடுவதற்கு நான் ஒருவன்தான் இருந்தேன். நானும் ஓடவில்லை.

முழங்கால் தண்ணீரில் நின்ற கிடாரி தலையைத் தூக்கி, பாறைகள் பக்கம் பார்த்தபடி காத்துக்கொண்டிருந்தது.